கிடங்கில் இருப்பதெல்லாம் கையிருப்பு அல்ல

மதில் மேல் பன்னிரண்டு வில்லாளிகள். கீழே கிடங்கில் அறுநூறு அம்பு. வெளியே கோப்ளின் படை ஐம்பது பேர். ஆளுக்கு ஐம்பது அம்பு வருகிறது, ஒவ்வொரு எதிரிக்கும் பன்னிரண்டு அம்பு வருகிறது. ஜெயிக்க வேண்டிய சண்டை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கோட்டை காலி. வில்லாளிகள் வில்லைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே ஒவ்வொருவராகச் செத்துப் போகிறார்கள். கிடங்கைத் திறந்து பார்த்தால் நானூறு அம்புக்கு மேல் அப்படியே கிடக்கிறது!

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கூத்து பழகிப்போனது. தோற்றவர்கள் எல்லோரும் அடுத்த ஆட்டத்தில் முதல் வேலையாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான். இன்னும் அறுநூறு அம்பு செய்வது. அதாவது வியாதி ஒன்று, மருந்து வேறொன்று. அம்பு பற்றாமல் தோற்கவில்லை. இருந்த அம்பு கைக்கு வராமல் தோற்றார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாதவரை ஆறாயிரம் அம்பு செய்தாலும் கட்டையடிதான்.

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்று ஊரில் சொல்வார்கள். சரிதான். ஆனால் அது பாதி உண்மை. சட்டி நிறைய இருந்து அகப்பை உடைந்திருந்தால் பந்தி பட்டினிதானே? இந்தப் பதிவு முழுக்க அந்த அகப்பையைப் பற்றித்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். டார்ன் ஆடம்ஸ், ஸேக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து உருவாக்கியது. 2006-ல் முதலில் வெளியானது. வெறும் எழுத்துக்குறிகளால் ஆன திரை. 'ங' போட்டால் யானை என்கிற மாதிரி :-) படங்களோடு கூடிய பதிப்பு 2022 டிசம்பரில் காசுக்கு வந்தது, பழைய எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசம். ஏழு குள்ளர்களை வைத்து மலையைக் குடைந்து ஊர் கட்ட வேண்டும். சோறு, சாராயம், படுக்கை, பட்டறை, படை எல்லாம் நாமே ஏற்பாடு செய்யணும். ஆனால் எந்தக் குள்ளரையும் நேரடியாக "இதை எடு, அங்கே போ" என்று நகர்த்த முடியாது. ஏற்பாடு மட்டும்தான் நம் கையில், நடப்பது அவர்கள் கையில். ஒரு கம்பெனி மேனேஜர் மாதிரி.

இதில் குறுக்குவில் ஏந்தும் படை ஒன்று அமைக்கலாம். ஒரு மரக்கட்டையில் இருபத்தைந்து அம்பு வரும். ஓர் உலோகக் கட்டியிலும் இருபத்தைந்து வரும். எலும்பு என்றால் ஒன்றுக்கு ஐந்து. ஒவ்வொரு வில்லாளிக்கும் ஓர் அம்பறாத்தூணி வேண்டும், அதைத் தோலில் தைக்க வேண்டும். எந்த அம்பு பயிற்சிக்கு, எந்த அம்பு போருக்கு, எந்தப் படைக்கு எத்தனை என்று ஒதுக்கீடு செய்ய வேண்டும். வேட்டைக்காரர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. தூணி காலியானால் அந்த ஆள் வில்லையே சுத்தியல் போல வீசிச் சண்டை போடப் போய்விடுவார்.

இதில் எங்கெங்கே ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். கிடங்கு மூன்று தளம் கீழே இருக்கிறது, மதில் மேலே இருக்கிறது. தூணி காலியானவர் படியிறங்கிப் போய் எடுத்து வருவதற்குள் எதிரி வாசலுக்கு வந்துவிடுவான். அம்பை எல்லாம் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். இன்னொரு குள்ளர் ஒரே ஒரு பொருளை உள்ளே வைப்பதற்காக அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு நடந்தால் அதிலுள்ள எல்லா அம்பும் அவர் திரும்பி வரும்வரை யாருக்கும் இல்லை. பயிற்சிக்கு, போருக்கு என்று பிரிக்காமல் விட்டால் நல்ல எஃகு அம்பையெல்லாம் பலகையில் அடித்தே தீர்த்திருப்பார்கள். தோல் தீர்ந்துபோய்த் தூணியே இல்லாத வில்லாளி இரண்டு பேர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். இதில் எந்த ஓட்டையையும் "இன்னும் அறுநூறு அம்பு" அடைக்காது.

இந்த ஆட்டத்தில் மிகவும் ரசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பி.காம். படிக்கிறவர்கள் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கிடங்கில் எத்தனை இருக்கிறது என்று பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் தானாகச் சரியாக இருக்காது! குள்ளர்களில் ஒருவரைக் கணக்கராக நியமிக்க வேண்டும். அவருக்கு அலுவலகம் என்று ஓர் இடம் கொடுக்க வேண்டும். அவர் உட்கார்ந்து எண்ணி முடித்தால்தான் சரியான எண் தெரியும். அதுவரை தோராயம்தான். உலகத்தில் எத்தனையோ போர் விளையாட்டுகள் வந்திருக்கின்றன. கணக்கப்பிள்ளை இல்லாமல் கோட்டை நடக்காது என்று சொன்ன விளையாட்டு எத்தனை?

இதெல்லாம் விளையாட்டுக்காகச் சேர்த்த சிக்கல், நிஜத்தில் இப்படி இருக்குமா என்று கேட்கலாம். நிஜத்தில் இதைவிட மோசம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கல்லங்குறிச்சியிலிருந்து அரியலூர், பெரம்பலூர் தாண்டிச் சென்னை ரோட்டில் போனால் ரஞ்சன்குடி கோட்டை. அகழி, அடுக்கடுக்காக மதில், அரைவட்டக் கொத்தளங்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து "ஏதோ பழைய கோட்டை" என்று தலையைத் திருப்பிக்கொள்கிற இடம். 1751-ல் கர்நாடகப் போரில் ஒரு முக்கியமான மோதல் இங்கேதான் நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயக் கம்பெனியும். வாலிகண்டபுரம் போர் என்று சொல்வார்கள், ஆங்கிலப் புத்தகங்களில் வோல்கோண்டா. கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையிலான கம்பெனிப் படை இங்கே பின்வாங்கித் திருச்சி வரை ஓடியது.

அந்தப் படையில் இருபத்தாறு வயதுகூட ஆகியிராத ஓர் ஆள் இருந்தார். 1744-ல் கம்பெனியின் குமாஸ்தாவாக மதராசுக்கு வந்தவர். இந்தப் படையில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை கமிசரி, அதாவது படைக்கு வேண்டிய சாமான்களை வாங்கி, சேர்த்து, பகிர்ந்து கொடுக்கிற வேலை. தமிழில் சொன்னால் ஸ்டோர்கீப்பர். அவர் பெயர் ராபர்ட் கிளைவ்.

நிற்க. கிளைவுக்குப் புகழ்மாலை சூட்டுவது இந்தப் பதிவின் நோக்கம் இல்லை. அந்த ஆள் பின்னாளில் இந்த நாட்டைச் சுரண்டிய கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே எடுத்துக்கொள்வது தோட்டாக் கணக்கை மட்டும்.

வாலிகண்டபுரத்தில் ஓடிய அதே 1751-ல், சில வாரங்களில் இருநூறு ஐரோப்பியர், முந்நூறு சிப்பாய்களோடு போய் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார் கிளைவ். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். ஐம்பது நாள். கடைசித் தாக்குதல் நவம்பர் 14 அன்று. அன்றைக்கு உள்ளே சண்டை போடும் நிலையில் மிஞ்சியிருந்தவர்கள் எண்பது ஐரோப்பியரும் நூற்றிருபது சிப்பாய்களும். மொத்தம் இருநூறு பேர். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வைத்துக் கதவை உடைக்கப் பார்த்தார்கள். குண்டு பட்ட யானைகள் திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன. சுமார் ஒரு மணி நேரச் சண்டை. அந்த நேரத்தில் உள்ளிருந்தவர்கள் சுட்டுத் தீர்த்தது பன்னிரண்டாயிரம் தோட்டா என்று ராபர்ட் ஆர்ம் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது பேனாவை எடுங்கள். 12,000-ஐ 200-ஆல் வகுத்தால் 60. ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு அறுபது தோட்டா, நிமிடத்துக்கு ஒன்று. அந்த இருநூறில் சிலர் ஐந்து பீரங்கிகளையும் கவனித்தார்கள். அப்படியானால் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு அறுபதுக்கும் மேலே. அந்தக் காலத்துத் தோட்டாப் பையில் அறுபது கொள்ளாது. அப்படியானால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மதிலுக்குத் தோட்டா வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அதோடு பின்வரிசை ஆட்கள் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக் கெட்டித்து முன்வரிசைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதாவது இருநூறு பேரும் சுடவில்லை. ஒரு பகுதி ஆட்கள் முழுநேரமும் சப்ளை வேலை பார்த்தார்கள். குறைவான ஆட்களில் இன்னும் கொஞ்சத்தைச் சுடும் வேலையிலிருந்து எடுத்துவிட்டால் பலம் குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் நடந்தது நேர்மாறு.

கதையின் முக்கியமான வரி இனிமேல்தான் வருகிறது. தோற்ற ராஜா சாகிபின் படை அன்றிரவு முற்றுகையைக் கைவிட்டுப் போனபோது சில பீரங்கிகளையும் ஏராளமான வெடிமருந்தையும் விட்டுவிட்டுப் போனது. தோற்றவனிடம்தான் சரக்கு மிச்சம்! கிடங்கில் நானூறு அம்பு கிடக்கச் செத்துப்போன பன்னிரண்டு குள்ளர்களின் அதே கதை.

(வெளியே இருந்தவர்களுக்குச் சரக்கு மட்டுமே பிரச்சினை என்று சொல்ல வரவில்லை. மதில் அவர்களுக்கு எதிராக இருந்தது, யானை திரும்பியது, தலைமையும் சரியில்லை. சரக்கு நிறைய இருந்ததால் மட்டும் ஒருவன் ஜெயித்துவிட முடியாது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.)

வேலூரில் நடந்தது இன்னும் தெளிவாகப் புரியும். 1806 ஜூலை 10. சிப்பாய்கள் எழுந்த அந்த விடியலில், தப்பிப் பிழைத்த 69-ஆம் படைப்பிரிவின் அறுபது பேர் வாக்கில் மதில்மேல் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் கையில் தோட்டா தீர்ந்துவிட்டது. வேலூர் என்ன சாதாரணக் கோட்டையா? தென்னிந்தியாவின் வலுவான கோட்டைகளில் ஒன்று, உள்ளே படை, ஆயுதம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த அறுபது பேருக்கு அது எதுவும் இல்லை. ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்த கில்லஸ்பி கயிறு பிடித்து மதிலேறி, துப்பாக்கி முனையில் இருந்த கத்தியை மட்டும் நம்பி அவர்களை நடத்திப் போனார். குறுக்குவில்லைத் திருப்பிப் பிடித்து அடிக்கிற குள்ளர்களை நினைத்துச் சிரித்தவர்கள் இதற்கும் சிரிக்க முடியுமா? துப்பாக்கி ஈட்டியாக மாறும் நேரம் எல்லாக் கோட்டைக்கும் வரும்.

இங்கேதான் பாடப்புத்தகத்தோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் தாளில் பொருளாதார ஆணை அளவு என்று ஒரு சூத்திரம் வரும். ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913-ல் எழுதியது. ஆண்டுத் தேவை, ஒரு முறை ஆர்டர் போடும் செலவு, ஒரு பொருளை வைத்திருக்கும் செலவு. மூன்றையும் போட்டு வர்க்கமூலம் எடுத்தால் விடை. எட்டு மதிப்பெண் நிச்சயம். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. சரக்கு ஆண்டு முழுக்கச் சீராகச் செலவாகும் என்பது. சோப்புக் கம்பெனிக்கு எண்ணெய் அப்படிச் செலவாகலாம். கோட்டைக்கு? ஐம்பது நாள் கொஞ்சம் கொஞ்சமாக, அப்புறம் ஒரே மணி நேரத்தில் பன்னிரண்டாயிரம். இதற்குச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி எந்த ஒரு நாளுக்கும் பொருந்தாது.

சராசரியை நம்பிச் சாகிறவர்கள் ஆட்டத்தில் நிறைய. "போன வருஷம் முந்நூறு அம்பு செலவாச்சு, அதனால முந்நூறு வச்சிருக்கேன்" என்பார்கள். போன வருஷம் சண்டையே வந்திருக்காது, முந்நூறும் பயிற்சியிலும் வேட்டையிலும் போயிருக்கும். பார்க்க வேண்டிய எண் வருஷச் செலவு இல்லை. மிக மோசமான ஒரு மணி நேரத்தின் செலவு. மறு ஆணை நிலையை அதிலிருந்துதான் வைக்க வேண்டும்.

அடுத்து பயிற்சி. சிக்கனம் என்ற பெயரில் முதலில் கை வைப்பது இதில்தான். "சும்மா பலகையில அடிச்சு அம்பை வீணாக்குறானுங்க" என்று பயிற்சி ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். கிடங்கு நிறையும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். போர் வரும்போது குறி தெரியாதவன் பத்து அம்பு விட்டு ஒன்று படும். பழகியவன் மூன்று விட்டு ஒன்று படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இவை கணக்குக்காக வைத்த எண்கள்தான்.) ஐம்பது எதிரிகளுக்கு ஆளுக்கு இரண்டு அம்பு பட வேண்டும் என்றால் பழகாதவர்களுக்கு ஆயிரம் அம்பு வேண்டும், பழகியவர்களுக்கு முந்நூறு போதும். பயிற்சியில் நூறு மர அம்பை, அதாவது நான்கு மரக்கட்டையை, மிச்சம் பிடித்ததன் விலை எழுநூறு எஃகு அம்பு! இதைச் சிக்கனம் என்று எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதற்கு வழி ஏபிசி பகுப்பாய்வு. விலை உயர்ந்த கொஞ்சச் சரக்கை 'ஏ' என்று வைத்து இறுக்கிப் பிடி, மலிவான நிறைய சரக்கை 'சி' என்று வைத்துத் தாராளமாக விடு. எஃகு, வெண்கல அம்பு 'ஏ'. மரமும் எலும்பும் 'சி'. பயிற்சிக்கு 'சி' மட்டும், போருக்கு 'ஏ' மட்டும். ஆட்டத்தில் இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. செய்யாதவர்கள்தான் பாதிப்பேர்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. "அதிகமா வச்சா என்ன தப்பு? இடம் இருக்கு, மரம் இருக்கு, அடுக்கிட்டே போகலாமே?"

வைப்புச் செலவு என்று பாடத்தில் ஒரு வரி வரும். வாடகை, காப்பீடு, வட்டி, கெட்டுப்போதல். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆயுதச் சரக்கில் அந்த வரிக்கு வேறு அர்த்தம் உண்டு.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்துக்கொண்டார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோது பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அத்தோடு கதை முடிந்தது. எதிரிக்காகக் கொண்டுபோன மருந்து சொந்த ஆட்கள் நடுவிலேயே வெடித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியம் இருக்கிறது, அதில் வெடிக்கும் அந்த வண்டியையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, திருப்பம் எங்கே நடந்தது என்று. அதே 1780-ஐ ஒட்டிச் சிவகங்கையில் குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்டு எதிரியின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்று மக்கள் சொல்லும் கதையும் இதைத்தான் சொல்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே ஒரு ஆள் போதும்.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டுவெடி ஆலை வெடித்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. அவர்கள் யாருக்கும் எதிரி கிடையாது, கூலிக்கு வேலைக்குப் போனவர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கம் நிறைந்த மாவட்டம் இது. பாறை உடைக்க வெடிமருந்து வாங்கும் ஒவ்வொரு சுரங்கமும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மீதி என்று பதிவேடு வைக்க வேண்டும். டெட்டனேட்டரையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு கிலோகூட வைக்கக்கூடாது. இவையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து யாரோ பொழுது போகாமல் எழுதிய விதிகள் இல்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ செத்துப்போன ஆட்கள் இருக்கிறார்கள். வைப்புச் செலவு என்ற வரியில் 'கெட்டுப்போதல்' என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

மர அம்பு வெடிக்காதே என்பீர்கள். வெடிக்காது. ஆனால் அதற்கு வெட்டிய மரம் கட்டிலாக வந்திருக்கலாம், பீப்பாயாக வந்திருக்கலாம். செய்த ஆளின் நேரம் விவசாயத்துக்குப் போயிருக்கலாம். அம்பு மலையாகக் கிடக்க, குளிர்காலத்தில் சோறில்லாமல் கோட்டை விழுந்த கதைகளும் உண்டு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயமான வாதம் ஒன்றே ஒன்று. சரக்கைப் பல இடத்தில் பிரித்து வைத்தால் எண்ணுவது கஷ்டம், காவல் கஷ்டம், திருட்டு சுலபம். உண்மை. ஒரே குதிரில் கொட்டி வைத்த நெல்லைக் காப்பது சுலபம், பத்துப் பானையில் வைத்தால் எலிக்குக் கொண்டாட்டம். ஆனால் இதற்குப் பதில் மறுபடியும் ஒரே குதிரில் கொட்டுவது கிடையாது, ஒவ்வொரு பானைக்கும் ஒரு சீட்டு எழுதுவது. பாடத்தில் இதற்குப் பெயர் பின் கார்டு. ஸ்டோர்கீப்பர் சரக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, வர வரக் கூட்டி, போகப் போகக் கழித்து எழுதுவது. அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், விலை இருக்காது. விலையோடு எழுதும் ஸ்டோர்ஸ் லெட்ஜர் வேறு, அது ஆபீஸில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு இடத்தில் எழுதுகிறார்கள் என்று முதலாண்டில் எல்லோரும் கேட்பார்கள். எதற்கென்றால் ஆபீஸுக்குத் தெரிந்த எண் வேறு, மதிலுக்குக் கிடைக்கும் எண் வேறு. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

கல்லங்குறிச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. கலியுக வரதராசப் பெருமாளுக்கு விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகவே கொண்டுவந்து கொட்டுகிற ஊர். வீட்டில் விதைநெல் தனி, சாப்பாட்டு நெல் தனி, கோயிலுக்குத் தனி. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். ஏபிசி பகுப்பாய்வும் பாதுகாப்பு இருப்பும் இதைத் தவிர வேறென்ன? பெயர் மட்டும்தான் இங்கிலீஷில் வந்தது.

சரி, ஆடுகிறவர்களுக்காகச் சுருக்கமாக:

1. பயிற்சிக்கும் போருக்கும் அம்பைத் தனித்தனியே ஒதுக்குங்கள். பயிற்சியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

2. வில்லாளி நிற்கும் மதிலுக்குப் பத்தடிக்குள் ஒரு சின்னக் கிடங்கு. அதில் பெட்டி வேண்டாம், தரையில் கிடக்கட்டும். அழகாக இருக்காது, ஆனால் கைக்கு வரும்.

3. பெரிய இருப்பை இரண்டு மூன்று இடமாகப் பிரியுங்கள்.

4. எத்தனை வில்லாளியோ அத்தனை தூணி, அதற்கு மேல் இரண்டு. அம்பை எண்ணுகிறவர்கள் தூணியை எண்ணுவதில்லை.

5. சண்டை முடிந்ததும் வெளியே கிடக்கிற அம்பைப் பொறுக்க ஆள் ஓடாமல் தடை போட்டு வையுங்கள். வாசலில் எதிரி இல்லை என்று தெரிந்தபின் தடையை எடுத்தால் போதும். ஓர் அம்புக்காக ஓர் ஆளை இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?

6. முதல் வருஷமே கணக்கரை நியமித்து அவருக்கு ஒழுங்கான அறை கொடுங்கள். கடைசியில் மிச்சமிருக்கும் பொந்தில் போடாதீர்கள்.

ஆறாவதுதான் உண்மையில் முதலாவது. விளையாட்டிலும் சரி, வெளியிலும் சரி, வில் பிடித்தவனுக்குச் சிலை உண்டு. அம்பு எண்ணியவனுக்குக் கிடையாது. "பி.காம். முடிச்சிட்டு என்ன, கணக்கு எழுதப் போறியா?" என்று கேட்கிற குரலில் இருக்கிற இளக்காரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதத்தான் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை மீதி என்று எழுதுகிறவரும், ரேஷன் கடையில் அரிசி மூட்டையை எண்ணுகிறவரும், சுரங்கத்தில் டெட்டனேட்டர் பெட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் அந்தப் படிப்புக்காரர்கள்தான். அவர்கள் பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்துக்கு வேறு யாரோ உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும். பார்த்துப் போட்ட கையெழுத்தால் பிழைத்தவர்களுக்கு, தாங்கள் பிழைத்ததே தெரியாது. அந்த வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது என்பதற்கு அதுதான் காரணம். அதனால் வேலை சின்னதாகிவிடாது.